கேரவனோடு பிரான்ஸுக்குக் கப்பலேற: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரித்தானியாவிலிருந்து காரின் பின்னால் கேரவனை (சக்கரத்தில் ஓடும் தங்குமறையை) இழுத்துக்கொண்டு பிரான்ஸுக்குப் போக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறோம். கப்பல் டிக்கெட் விலை நாளுக்கு நாள், சில சமயம் மணிக்கு மணி மாறுவதால் விலை எதையும் எழுதவில்லை. கணக்குப் போடும் விதம்தான் இங்கே இருக்கிறது.

டோவர்–கலே தானே இருக்கிறதிலேயே மலிவு? வேற எதையும் பார்க்கணுமா?

டிக்கெட்டை மட்டும் பார்த்தால் பெரும்பாலான நாட்களில் டோவர்தான் மலிவு. பி அண்ட் ஓ, டிஎஃப்டிஎஸ், ஐரிஷ் ஃபெரீஸ் என்று மூன்று நிறுவனங்கள் ஒரே வழியில் போட்டி போடுகின்றன. பக்கத்திலேயே கடலுக்கடியில் வண்டிகளை ஏற்றிச்செல்லும் சுரங்க ரயிலும் இருக்கிறது. விலை ஏறுவதற்கு இடம் குறைவு.

ஆனால் கலேயில் இறங்கியபின் கேரவனை இழுக்கும் எரிபொருள், சாலைச் சுங்கம் (டோல்), வழியில் ஒரு ராத்திரி தங்கல் எல்லாம் சேர்ந்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடும். வீட்டு வாசலில் கிளம்பியதிலிருந்து கேம்ப்சைட்டில் கேரவனின் கால்களை இறக்கும் வரை ஆகும் மொத்தச் செலவை எழுதிப் பாருங்கள். அதைப் பார்த்தபின் பலர் டோவரை விட்டுவிடுகிறார்கள். டோவரே சரி என்று நிம்மதியாகப் பதிவு செய்பவர்களும் உண்டு.

எந்தெந்தத் துறைமுகத்திலயிருந்து எங்க போகுது? எவ்வளவு நேரம் பிடிக்கும்?

கிழக்கிலிருந்து மேற்காகச் சொன்னால்: டோவரிலிருந்து கலேக்கு சுமார் ஒன்றரை மணி நேரம், டன்கர்க்குக்கு சுமார் 2 மணி நேரம். டன்கர்க் வழியை டிஎஃப்டிஎஸ் நடத்துகிறது. நியூஹேவனிலிருந்து தியெப்புக்கு அதே நிறுவனத்தின் கப்பல், சுமார் 4 மணி நேரம். போர்ட்ஸ்மத்திலிருந்து பிரிட்டனி ஃபெரீஸ் கப்பல்கள் லெ ஆவ்ர், கான், ஷெர்பூர், செயின்ட் மாலோ ஆகிய ஊர்களுக்குப் போகின்றன. இவற்றில் கான் பகலில் சுமார் 6 மணி நேரம். செயின்ட் மாலோ பெரும்பாலும் ராத்திரிக் கப்பல், சுமார் 11 மணி நேரம். பூலிலிருந்து ஷெர்பூருக்கு நாலரை மணி நேரத்துக்குள். பிளிமத்திலிருந்து ரோஸ்காஃபுக்குப் பகலில் சுமார் 6 மணி நேரம்.

கான் கப்பல் உண்மையில் கான் நகரத்துக்கே போவதில்லை. வடக்கே 15 கிலோமீட்டரில் கடற்கரையிலுள்ள உயிஸ்ட்ரம் என்ற ஊரில்தான் நிற்கிறது. வழிகாட்டிக் கருவியில் ஊர்ப் பெயரைத் தேடும்போது இதை நினைவில் வையுங்கள்.

நாங்கள் போற இடத்துக்கு எது சரியெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறோம். லண்டனிலிருந்து பிரிட்டனி மாநிலத்துக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். லண்டனிலிருந்து டோவரும் போர்ட்ஸ்மத்தும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான், 120 கிலோமீட்டர் சொச்சம். எனவே வித்தியாசம் முழுக்க பிரான்ஸ் பக்கத்தில். போர்ட்ஸ்மத் கப்பல் இறக்கிவிடும் கான் வரை கலேயிலிருந்து சுமார் 340 கிலோமீட்டர். கேரவன் இழுக்கும் காருக்கு 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் என்றால் 41 லிட்டர் ஆகும். லிட்டர் 1.70 யூரோ என்று வைத்தால் 70 யூரோ, போகவர 140 யூரோ. அதோடு இரண்டு பக்கமும் சுங்கம். கேரவனோடு 340 கிலோமீட்டர் என்பது சாப்பாட்டு நிறுத்தம் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. கலேயில் மதியம் இறங்கினால் அன்றைக்கே பிரிட்டனியிலுள்ள ரென் நகரத்தைத் தாண்டுவது கஷ்டம், ஒரு ராத்திரி தங்கத்தான் வேண்டும்.

ஆக, போர்ட்ஸ்மத்–கான் டிக்கெட் டோவரைவிட போகவர 140 யூரோவும் சுங்கமும் தங்கல் செலவும் சேர்ந்த தொகைக்குள் கூடுதலாக இருந்தால் அதுவே மலிவு. பர்மிங்ஹாமிலிருந்து வருபவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் மேற்கே சாயும். அவர்களுக்கு டோவரைவிட போர்ட்ஸ்மத் 90 கிலோமீட்டர் அளவுக்குப் பக்கம்.

போகிற இடம் ஷாம்பெய்ன், அல்சாஸ், பர்கண்டி, ரோன் பள்ளத்தாக்கு, மத்தியதரைக் கடற்கரை என்றால் கலேயோ டன்கர்க்கோதான். கலேயிலிருந்து ஏ26 மோட்டார்வே நேரே ரான்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோய் விடும். பிரிட்டனி, வான்தே, லா ரொஷெல் பக்கம் என்றால் செயின்ட் மாலோ, ரோஸ்காஃப், ஷெர்பூர், கான். நடுவிலுள்ள லுவார், டோர்டோன் பக்கங்களுக்கு தியெப்பை மறக்காமல் விலை பாருங்கள். பலர் அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் டோவருக்குப் போகிறார்கள். தியெப்பிலிருந்து பாரிஸ் 200 கிலோமீட்டருக்குள், கலேயிலிருந்து 290.

கேரவனுக்குத் தனி டிக்கெட் எடுக்கணுமா? நீளத்தை எப்படி அளக்கிறது?

தனி டிக்கெட் இல்லை. கார், கேரவன் இரண்டையும் ஒரே பதிவில், மொத்த நீளமும் உயரமும் கொடுத்துப் போடவேண்டும். கப்பல்காரர் விற்பது தளத்தின் நீளத்தைத்தான். அதனால் ஒவ்வொரு அரை மீட்டரும் காசு.

இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். கேரவன் புத்தகத்தில் இரண்டு நீளம் போட்டிருக்கும். ஒன்று உள்ளறை நீளம். மற்றது ஷிப்பிங் லெங்த், அதாவது முன்னாலிருக்கும் முக்கோணச் சட்டம், கொக்கி எல்லாம் சேர்த்த முழு நீளம். இரண்டுக்கும் ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். கொடுக்கவேண்டியது இரண்டாவது. புத்தகம் இல்லையென்றால் கேரவனை காரில் மாட்டி, காரின் முன் பம்பரிலிருந்து கேரவனின் பின் விளிம்பு வரை நாடாவால் தரையோடு அளந்துவிடுங்கள். 4.6 மீட்டர் காரும் 7.3 மீட்டர் கேரவனும் 11.9 மீட்டர். பின்சுவரில் சைக்கிள் ஸ்டாண்ட் மாட்டினால் இன்னும் அரை மீட்டர் கூடி 12.4 ஆகும். அந்த சைக்கிள்களை முன் சட்டத்தின் மேலோ காரின் கூரையிலோ ஏற்றினால் அந்த அரை மீட்டர் மிச்சம். சட்டத்தின் மேல் ஏற்றும்போது கொக்கியில் விழும் எடை வரம்பைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும்.

உயரத்துக்கு கூரை ஆன்டெனா, கூரை ஏசி, காரின் கூரைப் பெட்டி, எது உயரமோ அதுதான் கணக்கு.

கொஞ்சம் குறைச்சுப் போட்டா கண்டுபிடிப்பாங்களா?

கண்டுபிடிக்கலாம். செக்-இன் சாவடியில் சந்தேகம் வந்தால் அளப்பார்கள். கூடுதலுக்கு அன்றைய விலையில் அங்கேயே கட்டச் சொல்வார்கள். அது முன்பதிவு விலையைவிட அதிகமாகவே இருக்கும். கப்பல் நிரம்பியிருந்தால் அடுத்ததுக்குத் தள்ளிவிடவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகஸ்ட் சனிக்கிழமையில் அந்த அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. 20 சென்டிமீட்டர் கூட்டிப் போடுங்கள், குறைத்துப் போடாதீர்கள்.

எப்ப புக் பண்ணினா மலிவு?

பள்ளி விடுமுறைக்குள் போகவேண்டிய கட்டாயம் இருந்தால், தேதி முடிவானவுடனேயே. கேரவன் ஏறக்கூடிய, கூரை உயரமான தளத்தில் இடம் குறைவு, லாரிகளோடு பங்கு போடவேண்டும். கார் மட்டும் போகிறவருக்குக் கடைசி வாரத்தில் இடம் கிடைத்தாலும் கேரவனுக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான்.

விடுமுறைக் கட்டாயம் இல்லாதவர்கள் மே நடுப்பகுதி, ஜூன், செப்டம்பர் மாதங்களில் செவ்வாய், புதன், வியாழன் பாருங்கள். அதிகாலை, பின்னிரவுக் கப்பல்கள் பகல் கப்பலைவிடக் குறையும். ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் முதலிலும் வரும் சனிக்கிழமைகளில் பிரெஞ்சுக்காரர்களும் மொத்தமாக விடுமுறைக்குக் கிளம்புவார்கள். அந்த நாட்களை பிரெஞ்சு அரசின் பிசோன் ஃப்யூத்தே சேவை கறுப்பு, சிவப்பு என்று நிறம் போட்டு முன்கூட்டியே அறிவிக்கிறது. கறுப்பு நாளில் மலிவாகக் கப்பல் கிடைத்தாலும் ஏ7-இல் நின்று எரிக்கும் டீசலில் அது போய்விடும்.

கேரவன் கிளப்பில சேர்ந்தா குறையுமா?

பெரும்பாலும் சந்தாவைத் திரும்ப எடுத்துவிடலாம். கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப், கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப் இரண்டுமே உறுப்பினர்களுக்குக் கப்பல் பதிவு செய்து தருகின்றன. கேரவனுக்குக் கட்டணச் சலுகை தரும் விற்பனைகளும் அவ்வப்போது வரும். வருடத்தில் இரண்டு மூன்று முறை பிரிட்டனி ஃபெரீஸில் போகிறவர்கள் அந்த நிறுவனத்தின் உறுப்பினர் திட்டத்தையும் கணக்கில் சேர்க்கலாம்.

சலுகை விலையை நிறுவனத்தின் சொந்த விலையோடு ஒரே நாளில், ஒரே அளவுகளை வைத்து ஒப்பிட வேண்டும். இன்னொன்று: டோவர் வழியில் பொதுவாகக் காருக்குள் எத்தனை பேர் என்பது விலையைப் பெரிதாக மாற்றாது. ஆங்கிலக் கால்வாயின் மேற்கு வழிகளில் (போர்ட்ஸ்மத், பூல், பிளிமத்) ஆளுக்கு ஆள் கட்டணம், ராத்திரியானால் அறைக்குத் தனி. ஆறு பேர் குடும்பத்துக்கு இது கணக்கையே புரட்டிவிடும்.

ஃப்ளெக்சி டிக்கெட் எடுக்கிறது வீண் செலவா?

பயண நேரத்தை மாற்றிக்கொள்ள விடும் இந்த டிக்கெட் போகும்போது பெரும்பாலும் வீண், வரும்போது அப்படியில்லை. கிளம்பும் நேரம் உங்கள் கையில் இருக்கிறது. திரும்பும்போது 700 கிலோமீட்டர் இழுத்து வருகிறீர்கள். ஒரு டயர் வெடித்தாலே கப்பல் போய்விடும். வழியே ஒரு இரவு கலேக்குப் பக்கத்தில் தங்கி மறுநாள் ஏறுவதாகத் திட்டமிட்டால் சாதா டிக்கெட்டே போதும். அந்தத் தங்கல் செலவு ஃப்ளெக்சி வித்தியாசத்தைவிடக் குறைவாகவும் இருக்கும். கீன் ஊரிலுள்ள லா பியென் அசீஸ் கேம்ப்சைட் இதற்காகவே பிரபலம்.

போறது ஒரு துறைமுகம், வர்றது இன்னொண்டு எடுக்கலாமோ? ஐஞ்சு நாள் ரிட்டர்ன் மலிவா இருக்குதே, அதை எடுத்துப்போட்டு திரும்பி வராமல் விட்டால்?

வெவ்வேறு துறைமுகம் தாராளமாக எடுக்கலாம். இரண்டு ஒற்றை வழி டிக்கெட்டுகளாகவும் விலை பாருங்கள், சில சமயம் ரிட்டர்னைவிடக் குறையும். போகும்போது களைப்பில்லாமல் கலே, வரும்போது கானில் ராத்திரிக் கப்பல் என்று கலந்து எடுப்பது நல்ல ஏற்பாடு.

குறுகிய நாள் ரிட்டர்ன் தந்திரம் வேண்டாம். திரும்பும் பயணத்தைப் பயன்படுத்தாவிட்டால் வித்தியாசத்தை உங்கள் அட்டையிலிருந்தே எடுக்கும் உரிமையை நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சுரங்க ரயில் 35 நிமிஷம்தானே, அதில போனா என்ன?

போகலாம். லெ ஷட்டில் என்ற அந்த ரயில் ஃபோக்ஸ்டோனில் எம்20-இன் 11ஏ சந்திப்பில் ஏறி கலேக்குப் பக்கத்திலுள்ள கொக்கெலில் இறங்குகிறது. காரிலேயே உட்கார்ந்திருக்கலாம், கடல் கொந்தளிப்பு இல்லை, நாய் கூடவே இருக்கலாம். ஒரு வண்டிக்கு 9 பேர் வரை ஒரே கட்டணம்.

விலையில் அது பெரும்பாலும் கப்பலுக்கு மேல்தான். வாரநாள் பின்னிரவில் மட்டும் எப்போதாவது நெருங்கி வரும். எல்பிஜியில் ஓடும் கார் என்றால் ஏற்றவே மாட்டார்கள். சமையல் வாயு வேறு விஷயம், அது அடுத்த கேள்வி.

கேஸ் சிலிண்டர் கொண்டுபோக விடுவாங்களா?

கேரவனில் சமைக்கவும் சூடேற்றவும் வைத்திருக்கும் சிலிண்டருக்குத் தடையில்லை. வால்வை மூடி, அதற்கான பெட்டியில் அசையாமல் கட்டியிருக்கவேண்டும். லெ ஷட்டிலின் வரம்பு: தூக்கக்கூடிய சிலிண்டர் ஒன்றென்றால் 47 கிலோ வரை, ஒன்றுக்கு மேற்பட்டால் மொத்தம் 50 கிலோ. சாதாரணக் கேரவனில் இருக்கும் இரண்டு 6 கிலோ சிலிண்டர் இதற்குப் பக்கத்தில்கூட வராது. கப்பல் நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு உண்டு. சோதனையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள். அதன் முன்னால் நாற்காலியையும் கூடாரத்தையும் அடைத்து வைக்காதீர்கள்.

பிரித்தானியச் சிலிண்டரை பிரான்ஸில் மாற்றித் தரமாட்டார்கள். நீண்ட விடுமுறை என்றால் நிறைத்துக்கொண்டு போங்கள். இல்லையென்றால் இரண்டு நாட்டிலும் மாற்றக்கூடிய நீல நிற கேம்பிங்காஸ் 907-ஐ வைத்துக்கொள்ளுங்கள். அதில் 2.75 கிலோதான் பிடிக்கும், விலையும் கூட. மாட்டும் ரெகுலேட்டரும் வேறு.

கப்பல் ஓடும்போது கேரவனுக்குள்ளேயே படுத்துத் தூங்கலாமா? ஃப்ரிட்ஜ் ஓடுமா?

இரண்டுக்கும் இல்லை. கப்பல் கிளம்பியதும் வண்டித் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். மருந்து, போர்வை, பிள்ளைகளின் மாற்றுத் துணி எல்லாவற்றையும் ஒரு பையில் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு மேலே போய்விடுங்கள். தளத்தின் எண்ணையும் படிக்கட்டின் நிறத்தையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரிட்ஜை வாயுவில் ஓட்டக் கூடாது, எஞ்சின் அணைந்தால் 12 வோல்ட்டிலும் ஓடாது. கதவைத் திறக்காமல் இருந்தால் நாலைந்து மணி நேரம் குளிர் தாங்கும். ராத்திரிக் கப்பலென்றால் தண்ணீர் போத்தல்களை உறையவைத்து உள்ளே அடுக்குங்கள். காரை கியரில் போட்டு கைப்பிரேக்கைப் பிடித்து, கார், கேரவன் இரண்டின் அலாரத்திலும் அசைவு உணரியை அணைக்கவும். இல்லாவிட்டால் அலை ஆட்டத்தில் ராத்திரி முழுக்க அலறி, காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும்.

சரிவுப் பாலத்துல கேரவன் அடி உரசுமா? ரொம்பப் பயமா இருக்கு.

உரசலாம். எங்கே, ஏன் என்று தெரிந்தால் தவிர்த்துவிடலாம். நீர் இறங்கியிருக்கும் நேரத்தில் கரையிலிருந்து கப்பலுக்குப் போகும் பாலம் செங்குத்தாகச் சரியும். செயின்ட் மாலோ போல நீரேற்ற வித்தியாசம் மிக அதிகமான துறைமுகங்களில் இது நன்றாகவே தெரியும். தட்டைத் தரையிலிருந்து கார் மேல்நோக்கிய சரிவில் ஏறும்போது, கேரவனின் மூக்கு உயர்ந்து வால் தாழும். அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பின்பகுதிதான் அப்போது தரையைத் தொடும். மேலே ஏறி முடித்து மறுபக்கம் வளையும்போது நிலைமை தலைகீழ். அப்போது ஜாக்கி வீல் (முன் சட்டத்திலுள்ள சிறு சக்கரம்), கேரவனைத் தானாக நகர்த்தும் மூவர் மோட்டார் இரண்டும் மாட்டும்.

வரிசையில் காத்திருக்கும்போதே இறங்கிப் பாருங்கள். ஜாக்கி வீலை முழுக்க மேலே இழுத்து இறுக்கியிருக்கிறதா, நான்கு கால்களும் முழுக்க மடங்கியிருக்கிறதா, பின்னால் தொங்கும் சைக்கிள் ஸ்டாண்டின் கீழ் விளிம்பு எவ்வளவு தாழ்வு என்று பார்க்கவேண்டும். கனமான சாமான்கள் அச்சுக்கு மேல் இருக்கட்டும், பின்கோடியில் வேண்டாம். பாலம் செங்குத்தாகத் தெரிந்தால் வரிசை ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கொஞ்சம் காத்திருந்து ஏறச் சொல்லலாம், அல்லது ஒருவர் கூடவே நடந்து வருவார். நடை வேகத்தில், நேராக, நடுவில் நிற்காமல் ஏறவேண்டும். பாதியில் நின்று மறுபடி கிளம்பினால் கிளட்ச் கருகும் வாடை கேரவன் வரை வரும்.

ராத்திரிக் கப்பல் லாபமா?

அறைக் கட்டணத்தைக் கூட்டினால் கையில் லாபம் தெரியாது. ஆனால் ஒரு தங்கல் செலவும் ஒரு பகலும் மிச்சமாகிறது. அறை எடுக்காமல் சாய்வு நாற்காலியில் போகலாம் என்று பிள்ளைகளோடு திட்டமிடாதீர்கள். காலை ஆறரை, ஏழு மணிக்கு இறங்கி, தூக்கமில்லாத கண்ணோடு ரோட்டின் வலது பக்கத்தில் 12 மீட்டர் வண்டியை ஓட்டவேண்டிவரும். அறைக்குக் காசில்லையென்றால் பகல் கப்பலே மேல்.

பின்னிரவில இறங்கினா எங்க நிப்பாட்டித் தூங்கிறது?

பிரான்ஸ் முழுக்க மலிவான, இலவசமான ஏர் என்ற நிறுத்தங்கள் உண்டு என்று மோட்டார்ஹோம்காரர்கள் (தானே ஓடும் வீட்டு வண்டி வைத்திருப்பவர்கள்) சொல்வதை நம்பிப் போகாதீர்கள். அவை மோட்டார்ஹோமுக்கு மட்டும். கேரவனை அனுமதிப்பவை மிகக் குறைவு. கேம்ப்சைட்டுகள் பெரும்பாலும் இரவு 10 மணிக்குக் கதவை மூடிவிடும். பின்னிரவுக் கப்பலின் மலிவு இங்கேதான் கசக்கும். அப்படிக் கிளம்பினால் இங்கிலாந்துப் பக்கத்தில் முதல் நாளே தங்கி (டோவருக்கு ஃபோக்ஸ்டோன் அருகே டென்சோலில் கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பின் பிளாக் ஹார்ஸ் ஃபார்ம் வசதி) முதல் காலைக் கப்பலைப் பிடிப்பது நல்லது.

சுங்கம் எவ்வளவு வரும்? இல்லாத ரோடு இருக்கா?

காரும் கேரவனும் சேர்ந்த வண்டியின் உயரம் 2 மீட்டருக்கு மேல், 3 மீட்டருக்குள் என்றால் இரண்டாம் வகுப்புக் கட்டணம். கார் மட்டும் என்றால் முதல் வகுப்பு. தானியங்கி வழிகளில் சிலவற்றின் மேல் 2 மீட்டர் என்று தடுப்புக் கம்பி தொங்கும், அதற்குள் நுழைந்துவிடாதீர்கள். பச்சை அம்பு போட்ட வழி எப்போதும் பாதுகாப்பு.

சுங்கமில்லாதவை: கலேயிலிருந்து பூலோன் வரை ஏ16, ஆப்வீலிலிருந்து ரூஆன் வரை ஏ28, கானிலிருந்து ரென் வரை ஏ84, ஷெர்பூரிலிருந்து தெற்கே இறங்கும் என்13, பிரிட்டனி மாநிலத்தின் நான்கு வழிச் சாலைகள். மேற்குத் துறைமுகங்களின் உண்மை மலிவு இங்கேதான். மேலே போட்ட கான் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரிஸுக்கும் கானுக்கும் இடையிலான ஏ13-இல் இப்போது சாவடியே கிடையாது. கேமரா படம் பிடிக்கும், 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நீங்களாகக் கட்டவேண்டும். யாரும் நிறுத்திக் கேட்கவில்லையே என்று வந்துவிட்டால் அபராதம் வீட்டுக்கு வரும்.

கார், கேரவன் இரண்டின் அனுமதிக்கப்பட்ட எடை சேர்ந்து 3.5 டன்னைத் தாண்டினால் மோட்டார்வேயில் வேகம் 90 கிலோமீட்டர்தான். மொத்த நீளம் 7 மீட்டரைத் தாண்டுவதால், ஊருக்கு வெளியே முன்னால் போகும் பெரிய வண்டிக்கு 50 மீட்டர் இடைவெளி விடவேண்டும். மூன்று வழிச் சாலையில் இடது கோடி வழிக்குப் போகக் கூடாது.

பாஸ்போர்ட்டில இன்னும் ஆறு மாசம் இருக்கு, போதும்தானே?

பிரித்தானியப் பாஸ்போர்ட் என்றால் இரண்டு நிபந்தனை: பிரான்ஸுக்குள் நுழையும் நாளில் அது கொடுக்கப்பட்டு 10 வருடம் முடிந்திருக்கக் கூடாது, வெளியேறும் நாளுக்குப் பின் 3 மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும். பழைய பாஸ்போர்ட்டிலிருந்து மிச்ச மாதங்களைக் கூட்டிக்கொடுத்த காலத்தில் எடுத்தவை முதல் நிபந்தனையில் விழுந்துவிடலாம். எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்கவும் கூடாது.

விரல் ரேகையும் முகப்படமும் எடுக்கும் ஐரோப்பிய எல்லைப் பதிவு முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்தது. 12 வயதுக்குக் கீழே ரேகை எடுப்பதில்லை. டோவரிலும் ஃபோக்ஸ்டோனிலும் பிரெஞ்சுச் சோதனை கிளம்பும் முன்பே இங்கிலாந்துப் பக்கத்தில் நடக்கும். போர்ட்ஸ்மத், பூல், நியூஹேவன், பிளிமத் வழிகளில் இறங்கியபின் நடக்கும். நெரிசல் நாளில் டோவரில் கப்பலைத் தவறவிடுவது இந்த வரிசையில்தான்.

எனக்கு இங்க நிரந்தர வதிவிடம் இருக்கு, ஆனா இலங்கைப் பாஸ்போர்ட். விசா வேணுமோ?

வேண்டும். பிரித்தானிய வதிவிடம் ஷெங்கன் விசாவுக்குப் பதிலாகாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் இதே பதில்தான். பிரெஞ்சு விசாவுக்கு டிஎல்எஸ்கான்டாக்ட் மையங்கள் வழியாக விண்ணப்பிக்கவேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கோடையில் நேரம் கிடைப்பது கடினம் என்பதால் விசா கைக்கு வரும்வரை திரும்பப் பெறமுடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள். ஃப்ளெக்சி டிக்கெட் உண்மையில் உதவுவது இந்த இடத்தில். திரும்பி வரும்போது காட்டப்போகும் பாஸ்போர்ட் உங்கள் ஈ-விசாக் கணக்கில் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சமைச்சுக் கொண்டு போகலாமா? கறிவேப்பிலை, தேங்காய்?

இறைச்சியும் பால் பொருட்களும் கூடாது. கோழிக்கறி, தயிர், நெய், பால் எல்லாம் இதில் அடக்கம். கைக்குழந்தைக்கான பால் மாவுக்கு 2 கிலோ வரை விலக்கு. மீன் பொருட்கள் ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி, கருவாடும் இந்தக் கணக்குத்தான். பச்சைக் காய்கறி, பழம், இலை வகைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்பதால் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வீட்டிலேயே இருக்கட்டும். விலக்குப் பெற்றவை ஐந்துதான்: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், தூரியன். ஆக, தேங்காய் போகலாம். அரிசியும் அரைத்த மசாலாத்தூளும் சிக்கலில்லை.

திரும்பும்போதும் தடை உண்டு. கோமாரி நோய் காரணமாக 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து மாடு, ஆடு, பன்றி இறைச்சியும் பால் பொருட்களும் பிரித்தானியாவுக்குள் கொண்டுவரத் தடை போட்டார்கள். கடையில் பொதியிட்ட பாலாடைக்கட்டியும் அதில் சேரும். கிளம்பும் முன் அரசின் இணையதளத்தில் இன்றைய நிலையைப் பார்த்துவிடுங்கள்.

அப்படியே லா ஷபேலுக்குப் போய்ச் சாமான் வாங்கலாமெண்டு பார்க்கிறம், கேரவனோட போக ஏலுமா?

பாரிஸின் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷபேலுக்குக் கேரவனோடு வேண்டாம். கார் து நோர் நிலையத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் காரை நிறுத்தவே இடமில்லை. பாரிஸுக்கு வெளியே மேசோன்-லாஃபித் போன்ற இடத்தில் கேரவனை விட்டுவிட்டு, ஆர்இஆர் ஏ ரயிலில் ஷாத்லே வந்து, அங்கிருந்து பி அல்லது டி ரயிலில் ஒரே நிறுத்தம்.

நாயையும் கூட்டிப் போறோம். பழைய பெட் பாஸ்போர்ட் செல்லுமா?

பிரித்தானியாவில் கொடுத்தது செல்லாது. மைக்ரோசிப், அதன்பின் வெறிநாய்த் தடுப்பூசி, ஊசி போட்டு 21 நாள் காத்திருப்பு, பிறகு புறப்படுவதற்கு முந்தைய 10 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட கால்நடை மருத்துவரிடம் உடல்நலச் சான்றிதழ். அது பெரும்பாலும் நூறு பவுண்டுக்கு மேல் ஆகும், ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக எடுக்கவேண்டும். திரும்பும்போது, பிரித்தானியாவுக்குள் நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன் பிரெஞ்சு மருத்துவரிடம் நாடாப்புழு மருந்து கொடுத்துப் பதிவு செய்யவேண்டும். நீண்ட வழிகளில் நாய் அனுமதிக்கும் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

லைசென்ஸில பிஇ இல்லை. பிரான்ஸில இழுக்கலாமா?

பிஇ என்பது கனமான இழுவண்டியை இழுக்கும் உரிம வகை. 1997 ஜனவரி 1-க்குப் பின் கார் தேர்வு தேறியவர்களுக்கு, 2021 டிசம்பர் 16 முதல் பிரித்தானியச் சட்டப்படி 3,500 கிலோ வரை இழுக்க உரிமை வந்துவிட்டது. பழைய அட்டையில் அது அச்சாகியிருக்காது. புது அட்டை எடுக்கும்போது உரிமம் வழங்கும் டிவிஎல்ஏ சேர்த்துக் கொடுக்கிறது. வெளிநாட்டுப் போலீசிடம் அட்டைதான் பேசும் என்பதால் புதுப்பித்துக்கொண்டு போவது நல்லது. காரும் கேரவனும் சேர்ந்த அனுமதி எடை 3,500 கிலோவுக்குள் என்றால் பிரெஞ்சுச் சட்டத்திலும் சாதா கார் உரிமமே போதும்.

காத்து பலமா அடிக்குதுன்னு கப்பலை ரத்து பண்ணிட்டா காசு திரும்ப வருமா?

ரத்தானாலோ கிளம்ப 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ, வேறு கப்பலில் ஏற்றிவிடுவது அல்லது முழுப் பணத்தைத் திருப்பித் தருவது என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அவசரப்பட்டுப் பணத்தைக் கேட்காதீர்கள். அன்றைய விலையில் 12 மீட்டர் வண்டிக்கு வேறு கப்பல் தேடினால் இரட்டிப்பாகும். முதலில் மாற்றுக் கப்பலைக் கேளுங்கள்.

இழப்பீடு தனி. 4 மணி நேரம் வரையான பயணத்தில் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், 2 மணி நேரத்தைத் தாண்டினால் 50 சதவீதம். நீண்ட பயணங்களுக்கு இந்த மணிக்கணக்கும் நீளும். ஆனால் கப்பலை ஓட்டுவதே ஆபத்தான வானிலை என்றால் இழப்பீடு கிடையாது. ராத்திரித் தங்கலையும் கப்பல்காரர் ஏற்கவேண்டியதில்லை. துறைமுகத்துக்கு ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள இரண்டு கேம்ப்சைட்டுகளின் தொலைபேசி எண்ணை முன்கூட்டியே குறித்து வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினையில்லை. மற்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே கேம்ப்சைட்டைக் கூப்பிடுவார்கள்.